வண்டிக்குள்ள தீ, வெளியில புகை: டீசல் ஹீட்டரும் ஒரு ஜனவரி ராத்திரியும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே வைத்து, வாசிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்குத் தலைப்பைச் சொன்னதுமே எங்க டீம்ல ஒருத்தர் சிரிச்சுட்டாரு. "பெரணமல்லூர்க்காரனுக்கு எதுக்குப்பா ஹீட்டர்?"னு கேட்டாரு. நியாயமான கேள்விதான். எங்க ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துல, ஆரணி, வந்தவாசி, சேத்துப்பட்டு இந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற ஒரு பேரூராட்சி. நான் பட்டுத்தறிச் சத்தத்துல வளர்ந்தவன். மே மாசத்துல எங்க வீட்டு ஃபேன் சுடுகாத்தைத்தான் வீசும். மார்கழிப் பனின்னா தலையில ஒரு துண்டைச் சுத்திக்கிட்டாப் போதும்.

ஆனா 2024 ஜனவரியில, ஹிமாச்சலப் பிரதேசத்துல ஒரு ரோட்டோர தாபாவுக்குப் பக்கத்துல, எங்க வேனுக்குள்ள, நானும் என் பெரியப்பா பையனும் ராத்திரி 2 மணிக்கு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். டீசல் ஹீட்டர் நின்னுபோச்சு. அது நின்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதுக்கப்புறம் நாங்க செஞ்ச காரியம்தான் எங்களைக் கொன்னிருக்கும். இந்த ரெண்டையும் புரிய வைக்கிறதுதான் இந்த எபிசோடு.

வேன் எப்படி வீடாச்சு

அண்ணன் பட்டுச்சேலை வியாபாரம் பண்றாரு. அவரே நெய்தவர்தான். முட்டி வலி வந்ததும் தறியை விட்டுட்டு, சேலைகளை எடுத்துக்கிட்டு வட இந்தியக் கைத்தறிக் கண்காட்சிகளுக்குப் போக ஆரம்பிச்சாரு. லாட்ஜ் செலவு தாங்கலை. பெட்டியில லட்சக்கணக்குல சரக்கு இருக்கு, அதை வண்டியிலேயே விட்டுட்டு வெளியில தூங்கவும் மனசு வராது. அதனால ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, பின்னாடி ரெண்டு படுக்கை, ஒரு சின்ன அலமாரி, சேலைப் பெட்டிக்கு ரேக் எல்லாம் வச்சு, கேரவன் மாதிரி மாத்திக்கிட்டாரு.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். இப்படி மாத்தறதுன்னா ஆர்டிஓ அனுமதி வாங்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 அதைத்தான் சொல்லுது. இன்ஸ்டா ரீல் பார்த்துட்டு வண்டியை அறுக்க ஆரம்பிச்சிடாதீங்க.

வடக்க டிசம்பர், ஜனவரியில வேனுக்குள்ள படுத்தா இரும்புப் பெட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்கும். என்ஜினை ஓடவிட்டா ஹீட்டர் வேலை செய்யும். ஆனா ராத்திரி முழுக்க என்ஜின் ஓடினா மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் டீசல் போகும், சத்தம் வேற. பேட்டரியில ஓடற கரண்ட் ஹீட்டர் வைக்கலாமான்னு பார்த்தோம். வீட்டு கீசர் அளவுக்கு, அதாவது 2,000 வாட் வேணும்னா, 12 வோல்ட் பேட்டரியில இருந்து 166 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் அவர் பேட்டரி அரை மணி நேரத்துல காலி.

அதனாலதான் உலகம் முழுக்க லாரி டிரைவர்களும் கேரவன் வச்சிருக்கிறவங்களும் டீசல் ஹீட்டருக்குப் போறாங்க. ஜெர்மனியோட வெபாஸ்டோ, ஏபர்ஸ்பேஷர் ரெண்டும் இதுல பேர்போன கம்பெனிகள். இப்ப அதே அமைப்புல சீனாவில செஞ்ச மலிவான கிட்டுகளும் நிறைய வருது. அண்ணன் வாங்கினது அந்த மாதிரி ஒண்ணு.

செம்பு பாய்லரை ஞாபகம் வச்சுக்கோங்க

பெட்டி ஒரு ஷூ பாக்ஸை விடக் கொஞ்சம் பெருசு. அதுக்குள்ள நெருப்பு எரியுது. நம்ம தூங்கற இடத்துல நெருப்பு எரிஞ்சும் புகை வராம எப்படி?

பாட்டி வீட்டுல குளிக்க வெந்நீர் போடற செம்பு பாய்லர் பார்த்திருப்பீங்க. நடுவுல ஒரு குழாய், அதுக்குள்ள கரியோ விறகோ எரியும். புகை அந்தக் குழாய் வழியா மேல போயிடும். சுத்தி தண்ணி நிக்கும். தண்ணிக்கும் நெருப்புக்கும் நடுவுல ஒரு செம்புத் தகடு மட்டும்தான். சூடு தகட்டைத் தாண்டி வரும், புகை வராது. அதனாலதான் வெந்நீர்ல புகை வாசனை இருக்காது.

டீசல் ஹீட்டரும் இதே பாய்லர்தான். தண்ணிக்குப் பதிலா காத்து. நடுவுல அலுமினியத்துல ஒரு அறை, அதுக்குள்ள டீசல் எரியும். அறையோட வெளிப்பக்கம் மீன் செதில் மாதிரி நிறைய தகடு நீட்டிக்கிட்டு இருக்கும். ஒரு சின்ன ஃபேன் வேனுக்குள்ள இருக்கிற காத்தை அந்தத் தகடு மேல ஊதி, சூடாக்கித் திருப்பி வேனுக்குள்ளேயே அனுப்பும். இது நம்ம சுவாசிக்கிற காத்து.

நெருப்புக்கு வேற காத்து. அது வேனோட அடிப்பக்கத்துல இருந்து ஒரு குழாய்ல வரும், எரிஞ்ச புகை இன்னொரு குழாய்ல வேனுக்கு அடியிலேயே வெளிய போயிடும். ஆக ரெண்டு மூச்சு. நெருப்போட மூச்சு வெளியில, நம்ம மூச்சு உள்ள. ரெண்டும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கணும்னா அது இதுதான்.

நெருப்பு மூட்டறதுக்கு ஒரு ஹீட்டர் பிளக். முதல்ல அது தணல் மாதிரி சிவக்கும். அப்புறம் ஒரு குட்டி பம்ப் 'டிக்... டிக்... டிக்...'னு டீசலைத் துளித்துளியா அனுப்பும். துளி சூட்டுல ஆவியாகித் தீப்பிடிக்கும். தீ பிடிச்சதும் பிளக் அணைஞ்சிடும். அதுக்கப்புறம் சூட்டைக் கூட்டணும்னா பம்ப் வேகமா அடிக்கும், குறைக்கணும்னா மெதுவா அடிக்கும்.

செலவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு இருக்கு. 2 கிலோவாட் ஹீட்டர் குறைஞ்ச வேகத்துல மணிக்கு சுமார் 0.1 லிட்டர், முழு வேகத்துல 0.25 லிட்டர் பக்கம் குடிக்கும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒன்றரை லிட்டர்னு வச்சுக்கோங்க. கரண்ட், மூட்டும்போது சில நிமிஷம் மட்டும் 10 ஆம்பியர் பக்கம், அப்புறம் ரெண்டு மூணு ஆம்பியர்தான்.

அந்த ராத்திரி

அண்ணனோட கிட்டுல 10 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் தனியா வந்துச்சு. மெயின் டேங்கைக் கழட்டி ஓட்டை போட வேண்டாம், இதையே வச்சுக்கலாம்னு பட்டறையில சொன்னாங்க. அக்டோபர்ல மாட்டி, ஆரணியில டீசல் நிரப்பி, பெரணமல்லூர்ல வீட்டு வாசல்ல ஓட்டிப் பார்த்தோம். பத்து நிமிஷத்துல வேனுக்குள்ள நிக்க முடியலை. பெரியம்மா எட்டிப் பார்த்துட்டு, "இருக்கிற வெயில் பத்தாதாடா உங்களுக்கு?"ன்னாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு மூடி வச்சுட்டோம்.

ஜனவரியில கிளம்பினோம். சமவெளியில கம்பளியே போதுமா இருந்துச்சு, ஹீட்டரைத் தொடலை. மலை ஏறின முதல் ராத்திரி போட்டோம். சுகமா இருந்துச்சு. ராத்திரி 2 மணிக்குக் குளிர்ல முழிப்பு வந்துச்சு. வெளியில பூஜ்ஜியத்துக்குக் கீழ.

ஹீட்டர்ல பம்ப் சத்தம் மட்டும் வருது, சூடு இல்லை. அண்ணன் காதை வச்சுக் கேட்டுட்டு, "தம்பி, இது தார் தீர்ந்த நாடா மாதிரி ஓடுதுடா"ன்னாரு. தறியில நாடாவுக்குள்ள இருக்கிற தாரில் நூல் முடிஞ்சுட்டா, நாடா பாட்டுக்கு இப்படியும் அப்படியும் போகும், சத்தம் வரும், துணி மட்டும் ஏறாது. அவர் சொன்னது சரி. பம்ப் அடிக்குது, டீசல் வரலை. கொஞ்ச நேரத்துல ஹீட்டர் ரெண்டு முறை தானா முயற்சி பண்ணிட்டு, பிழைக் குறியீட்டைக் காட்டி நின்னுடுச்சு.

டேங்க்ல டார்ச் அடிச்சுப் பார்த்தோம். டீசல் நிறைய இருந்துச்சு. ஆனா தெளிவா இல்லை. குளிர்ல வச்ச தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையா மங்கிப்போய் இருந்துச்சு.

சாயந்திரம் தாபாக்காரர் கை காய்ச்சிக்க எங்களுக்கு ஒரு அங்கீட்டி குடுத்திருந்தாரு. இரும்புல செஞ்ச கரி அடுப்பு. வேனுக்கு வெளியில வச்சிருந்தோம், கரி இன்னும் கனிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் அதைத் தூக்கி உள்ள வச்சாரு. நான்தான் கதவைச் சாத்தினேன், சூடு வெளிய போயிடக் கூடாதுன்னு. புகை எதுவும் வரலை. அதனால ஆபத்து இல்லைன்னு நினைச்சோம்.

கொஞ்ச நேரத்துல தலை கனத்துச்சு. வயித்தைப் பிரட்டுச்சு. "மலை ஏறினதுனால இருக்கும், தூங்கினா சரியாயிடும்"னு அண்ணன் சொன்னாரு. நானும் கண்ணை மூடிட்டேன்.

அப்ப கதவை யாரோ ஓங்கி ஓங்கித் தட்டினாங்க. தாபாக்காரர். ராத்திரியில எழுந்து வெளிய வந்திருக்காரு. அங்கீட்டி இருந்த இடத்துல இல்லை, வேன் கண்ணாடிக்குள்ள சிவப்பா வெளிச்சம் தெரியுது. அவர் எங்களைத் திட்டின ஹிந்தியில பாதிதான் எனக்குப் புரிஞ்சுது, அண்ணனுக்கு முழுசாப் புரிஞ்சுது. அடுப்பைத் தூக்கி வெளிய வச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் கையைப் பிடிச்சு இறக்கி, தாபாவுக்குள்ள ரஜாய் போட்டுப் படுக்க வச்சாரு. இறங்கும்போது என் கால் எனக்குச் சொந்தமா இல்லை.

டீசல் ஏன் அப்படி ஆச்சு?

டீசல்ல இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கு. பாரஃபின்னு சொல்வாங்க. சூட்டுல அது கரைஞ்சு இருக்கும். குளிர ஆரம்பிச்சதும் முதல்ல பொடிப்பொடியாப் பிரிஞ்சு டீசலை மங்கலாக்கும், அப்புறம் ஃபில்டரை அடைக்கும், கடைசியில கூழாயிடும்.

எந்த வெப்பநிலையில ஃபில்டர் அடைபடலாம்னு நம்ம நாட்டுல தரக் கட்டுப்பாடு இருக்கு. ஐஎஸ் 1460ங்கிற இந்தியத் தரத்துல, குளிர்கால டீசலுக்கு அந்த எல்லை 6 டிகிரி, கோடைக்கால டீசலுக்கு 18 டிகிரி. அதாவது கோடைக்கால டீசல் 18 டிகிரியிலேயே ஃபில்டரை அடைக்க ஆரம்பிச்சாலும் அது தரமான டீசல்தான். ஆரணியில ஓடற வண்டிக்கு அதனால ஒரு பிரச்சினையும் இல்லை.

இப்ப எங்க முட்டாள்தனம் புரியுதா? வேனோட மெயின் டேங்க்ல வழியெல்லாம் டீசல் போட்டுக்கிட்டே வந்தோம். கடைசியா நிரப்பினது வடக்க, குளிர்காலத்துல. அதனால காலையில என்ஜின் கொஞ்சம் முரண்டு பிடிச்சாலும் ஓடிடுச்சு. ஹீட்டரோட குட்டி டேங்க்ல மட்டும் அக்டோபர்ல நிரப்பின எங்க ஊர் டீசல் அப்படியே இருந்துச்சு. 2,000 கிலோமீட்டருக்கு மேல அதைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கோம்!

லடாக்ல இது ரொம்ப வருஷத்துப் பிரச்சினை. டிரைவர்கள் காலையில டேங்குக்கு அடியில நெருப்பு காட்டி டீசலை இளக வைப்பாங்க. 2019 நவம்பர்லதான் இந்தியன் ஆயில் அங்க தனி குளிர்கால டீசலை அறிமுகப்படுத்துச்சு. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில தயாரானது. மைனஸ் 33 டிகிரியிலயும் உறையாம ஓடும்.

டேங்க்ல இருந்து தீ வரைக்கும்

மறுநாள் ஒரு மெக்கானிக் வேனுக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, எங்க இணைப்புல இன்னும் நாலு தப்பு காட்டினாரு. ஹீட்டர் மாட்ட நினைக்கிறவங்க குறிச்சு வச்சுக்கோங்க.

ஒண்ணு, டேங்க். முடிஞ்சா மெயின் டேங்க்ல இருந்தே எடுக்கணும், அதுக்குன்னு தனியா ஒரு உறிஞ்சு குழாய் இறக்கி. குழாயோட முனை டேங்க் அடியைத் தொடக் கூடாது, கொஞ்சம் மேலேயே நிக்கணும். அப்பதான் அடியில இருக்கிற அழுக்கும் தண்ணியும் வராது. ராத்திரி முழுக்க ஹீட்டர் குடிச்சாலும், காலையில பங்க் வரைக்கும் போக என்ஜினுக்கு டீசல் மிஞ்சும். என்ஜினுக்குப் போற டீசல் லைன்ல நடுவுல வெட்டி இணைப்பு குடுக்கக் கூடாது. காத்து இழுத்துடும்.

ரெண்டு, குழாய். ஹீட்டரோட வர்ற நைலான் குழாயோட துளை ரொம்பச் சின்னது. அது காரணத்தோடதான். அகலமான ரப்பர் குழாய் போட்டா உள்ள காத்துக் குமிழி தங்கும், தீ விட்டுவிட்டு எரியும்.

மூணு, பம்ப். டேங்குக்குப் பக்கத்துல இருக்கணும், டீசல் வெளியேறும் முனை மேல்பக்கமாச் சாய்ஞ்சு இருக்கணும். அப்பதான் குமிழி தானா மேல ஏறிப் போயிடும். எங்க பம்ப் படுத்துக்கிட்டு இருந்துச்சு.

நாலு, புகைக்குழாய். அதோட வாய் நெருப்புக்குக் காத்து இழுக்கிற குழாய்க்குப் பக்கத்துலயோ, ஜன்னல், கதவுக்குக் கீழேயோ இருக்கக் கூடாது. எங்களுது பக்கக் கதவுக்கு நேர் கீழ. பனி பெய்யற இடத்துல இன்னொரு ஆபத்து. ராத்திரி பனி குவிஞ்சு புகைக்குழாய் மூடிக்கிட்டா, புகைக்குப் போக வழி இல்லை.

மலைக்குப் போறவங்களுக்கு இன்னொரு விஷயம். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். ஆக்சிஜன் குறைவு, ஆனா பம்ப் பழைய அளவுலேயே டீசல் அனுப்பும். அடுப்புல காத்து பத்தாம விறகு புகையற மாதிரிதான். கரி படியும், கடைசியில அடைச்சுக்கும். உயரத்துக்கு ஏத்த மாதிரி டீசல் அளவைத் தானாவே குறைக்கிற மாடல்கள் இருக்கு. மலைதான் உங்க பயணம்னா அதைப் பார்த்து வாங்குங்க.

ஹீட்டரை நிறுத்தும்போதும் பொறுமை வேணும். ஸ்விட்ச் அணைச்ச பிறகும் ஃபேன் சில நிமிஷம் ஓடி அறையைக் குளிர வைக்கும். அதுக்குள்ள பேட்டரி இணைப்பைப் பிடுங்கினா, உள்ள தங்கின சூடே பாகங்களைக் கெடுத்துடும்.

கண்ணுக்குத் தெரியாதது

இதெல்லாம் ஹீட்டரைப் பத்தி. கரி அடுப்பு விஷயம் வேற. அதுல ரெண்டு மூச்சு கிடையாது. நெருப்பும் நாமும் ஒரே காத்தைத்தான் இழுக்கிறோம். சாம்பல் பூத்த தணல்ல புகை தெரியாது. ஆனா காத்து பத்தாம எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினோட அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்காது.

தலைவலி, குமட்டல், அசதி. மலைநோய்க்கும் இதே அறிகுறிதான். அதனாலதான் அண்ணன் "மலை ஏறினதுனால"ன்னு சொன்னாரு. விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரை நம்பவும் முடியாது. சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. சாகப் போறவருக்கும் நல்ல எண்ணைக் காட்டும்.

அந்த வருஷக் கடைசியில, 2024 டிசம்பர் 23ஆம் தேதி, கேரளாவுல வடகரையில ரோட்டோரமா நின்ன ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. அங்க குளிரும் இல்லை, ஹீட்டரும் இல்லை. ஏசிக்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் அதே கேரவன்ல ஜெனரேட்டரை ஓட்டிச் சோதிச்சுப் பார்த்தாங்க. ரெண்டு மணி நேரத்துல உள்ள கார்பன் மோனாக்சைடு 900 பிபிஎம்மைத் தாண்டுச்சு. ஜெனரேட்டரோட புகை உள்ள வந்திருக்கு. அந்தச் செய்தியைப் படிச்ச ராத்திரி நான் தூங்கலை. எங்க வேன் கண்ணாடியில தெரிஞ்ச சிவப்பு வெளிச்சம்தான் ஞாபகம் வந்துச்சு. அவங்க கதவைத் தட்ட யாரும் வரலை.

அதனால சென்னையில இருக்கிறவங்க, "நமக்கு எதுக்கு இது"ன்னு நினைக்காதீங்க. ஊட்டி, கொடைக்கானல் காட்டேஜ்ல பார்பிக்யூ அடுப்பை ரூமுக்குள்ள எடுத்துட்டு வர்றது, மூடின ஷெட்டுல ஏசி போட்டு காருக்குள்ள தூங்கறது, எல்லாம் ஒரே கதைதான்.

ஊருக்குத் திரும்பினதும் அண்ணன் எல்லாத்தையும் மாத்தினாரு. ஹீட்டர் இப்ப மெயின் டேங்க்ல இருந்து குடிக்குது. புகைக்குழாய் வண்டியோட அந்தப் பக்கம் போயிடுச்சு. வேனுக்குள்ள மேல ஒரு ஜன்னல் எப்பவும் ரெண்டு விரல் திறந்தே இருக்கும். ஹீட்டர் நின்னா என்ன பண்றதுன்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கார்: ரெண்டு கனமான ரஜாய், அவ்வளவுதான். நெருப்பு எதுவும் உள்ள வராது.

படுக்கைக்குப் பக்கத்துல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கார். ஈஎன் 50291ங்கிற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டது. அந்தத் தரப்படி 50 பிபிஎம் இருந்தா ஒண்ணு, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள கத்தணும். 300 பிபிஎம் இருந்தா மூணு நிமிஷத்துக்குள்ள கத்தணும். படுக்கறதுக்கு முன்னாடி தினமும் அதோட டெஸ்ட் பட்டனை ஒரு முறை அழுத்துவாரு. 'பீப்'னு சத்தம் வந்தாதான் விளக்கை அணைப்பாரு.

இந்த ஜனவரியிலயும் போனோம். அதே தாபாவுல நிறுத்தினோம். பெரியம்மா அவர் வீட்டம்மாவுக்குன்னு ஒரு பட்டுச்சேலை குடுத்து அனுப்பியிருந்தாங்க. அவர் சேலையை வாங்கிக்கிட்டாரு. அங்கீட்டியை மட்டும் எங்களுக்குக் குடுக்கலை.

வண்டி கட்டற, வண்டியில தூங்கற நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.